அமெரிக்காவில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற பழக்கங்கள், அவற்றுக்குப் பின்னால் இருக்கிற சட்டமும் வரலாறும்

கேள்வி இதுதான்: அமெரிக்கர்களின் அன்றாடப் பழக்கங்களில் வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு வினோதமாகப் படுவது எது, அவர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள்? படிக்கப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் கிளம்பும் முன் இதைத்தான் கேட்கிறார்கள். ஃபாரன்ஹீட், மைல், மாதத்தை முன்னால் போட்டு எழுதும் தேதி, இதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும், அதை விட்டுவிடுகிறேன். அங்கே வருடக்கணக்கில் இருந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது: "அவங்க குணமே அப்படி" என்று நாம் சொல்லிவிட்டுப் போகிற பல விஷயங்களுக்குப் பின்னால் ஒரு சட்டமோ, ஒரு வரியோ, என்றைக்கோ நடந்த ஒரு வியாபாரமோ இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் எந்த இடத்தில் கண்டிப்பாக அவர்கள் வழியில் போக வேண்டும், எந்த இடத்தில் நம் இஷ்டப்படி இருக்கலாம் என்பதும் புரிந்துவிடும்.

டிப்ஸில் ஆரம்பிக்கிறேன், அதிகம் பேர் திணறுவது அங்கேதான். உட்கார்ந்து சாப்பிடுகிற உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் பரிமாறியவர் ஒரு சின்ன உறையில் பில்லை வைத்துவிட்டுப் போவார். அதில் உங்கள் கார்டை வைத்தால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார், கார்டு உங்கள் கண்ணுக்கே தெரியாது, பின் நம்பரும் கேட்க மாட்டார்கள். திரும்பி வரும்போது இரண்டு ரசீது இருக்கும், ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடைக்கான ரசீதில் தொகைக்குக் கீழே டிப் என்று ஒரு கோடு, அதற்குக் கீழே டோட்டல் என்று ஒரு கோடு, இரண்டும் காலியாக இருக்கும். சாப்பாட்டு விலை வரி இல்லாமல் 40 டாலர் என்றால் டிப் கோட்டில் 8 என்று நீங்களே பேனாவால் எழுதி, கூட்டிப் போட்டு, கையெழுத்தும் போட்டு மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அந்த 8 டாலர் பிறகு கார்டில் ஏறும். 15 முதல் 20 சதவீதம் என்பது வழக்கம், பெரிய நகரங்களில் 20-ஐத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

நம் ஊரில் டிப்ஸ் என்பது சந்தோஷத்துக்குக் கொடுப்பது, கொடுக்காவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை. அங்கே அது சம்பளம். மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2009-லிருந்து மாறவில்லை. ஆனால் டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மிச்சம் வாடிக்கையாளரிடமிருந்து வந்துவிடும் என்று சட்டமே கணக்குப் போட்டிருக்கிறது. அந்த 2.13 என்பது 1991-லிருந்து அப்படியே இருக்கிறது! டிப்ஸும் சேர்த்து 7.25 வராவிட்டால் குறைகிற தொகையை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு, அதைக் கேட்டு வாங்குவது தொழிலாளிக்கு எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் நிறைய இருக்கிற டெக்சஸ், ஜார்ஜியா, வட கரோலினா மூன்றிலும் இந்த 2.13 கணக்குதான். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் மட்டும் டிப்ஸைக் கழிக்காமல் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தையும் முதலாளியே கொடுக்க வேண்டும்.

இது எப்படி வந்தது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற கதை. டிப்ஸ் கொடுப்பதே ஐரோப்பாவுக்குப் போய்வந்த பணக்கார அமெரிக்கர்கள் கொண்டுவந்த பழக்கம்தான். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், விடுதலையான கறுப்பின மக்களுக்குக் கிடைத்த வேலைகளில் பல ஹோட்டலிலும் ரயிலிலும்தான். 1867-ல் தொடங்கிய புல்மேன் கம்பெனி தன் ரயில் படுக்கைப் பெட்டிகளில் அவர்களையே போர்ட்டர்களாக வைத்தது, சம்பளத்தை மிகக் குறைவாக வைத்து டிப்ஸில் பிழைக்கவிட்டது. அந்தப் போர்ட்டர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 12 வருடம் போராடித்தான் 1937-ல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட முடிந்தது. இதற்கிடையே டிப்ஸ் என்பதே மனிதனை மனிதன் தாழ்த்துகிற வழக்கம் என்று சொல்லி அதைத் தடை செய்த மாநிலங்களும் உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கி வைத்தது, இன்னும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன, ஆனால் 1926-க்குள் எல்லாத் தடையும் போய்விட்டது. 1938-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தபோது ஹோட்டல் தொழிலாளிகளைச் சேர்க்கவில்லை. 1966-ல் சேர்த்தபோது டிப்ஸைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகையோடு சேர்த்தார்கள். ஆகவே டிப்ஸ் முறை பிடிக்கவில்லை என்று ஒருவர் கொடுக்காமல் வந்தால் அந்த முறைக்கு ஒன்றும் ஆகாது, பரிமாறிய பெண்ணின் அன்றைய கூலிதான் குறையும். இந்த ஒரு விஷயத்தில் நம் கருத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவதுதான் நியாயம்.

ஆனால் கவுன்ட்டரில் நின்று நீங்களே வாங்கிக்கொண்டு போகிற காபிக்கு, எதிரே திருப்பி வைக்கிற திரையில் 18, 20, 25 என்று பட்டன் வரும்போது 'நோ டிப்' என்பதை அழுத்துவதில் தப்பே இல்லை. அமெரிக்கர்களிலேயே பலருக்கு அந்தத் திரையைக் கண்டாலே எரிச்சல். இன்னொன்று, ஆறு எட்டு பேராகச் சேர்ந்து போனால் பல இடங்களில் 18 சதவீதம் போல பில்லிலேயே சேர்த்திருப்பார்கள். பார்க்காமல் இன்னொரு முறை எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது விலை. கடையில் 9.99 என்று போட்டிருக்கும், பத்து டாலர் நோட்டை நீட்டினால் இன்னும் கேட்பார்கள். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். அங்கே நாடு முழுக்க ஒரே ஜிஎஸ்டி என்று ஒன்று கிடையாது. மாநிலம் ஒரு விற்பனை வரி போடும், அதன் மேல் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று, நகராட்சி ஒன்று. நியூயார்க் நகரத்தில் எல்லாம் சேர்ந்து 8.875 சதவீதம், ஆனால் அங்கேயே 110 டாலருக்குக் குறைவான துணிமணிக்கு வரி இல்லை. ஓரிகன், மொன்டானா, நியூஹாம்ப்ஷயர், டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரியே இல்லை. ஒரு கம்பெனி நாடு முழுக்க ஒரே விலையில் விளம்பரம் செய்ய வேண்டுமென்றால் வரியை விட்டுவிட்டுத்தான் போட முடியும். பெட்ரோல் பங்கில் மட்டும் இது தலைகீழ், பலகையில் போட்டிருக்கிற விலையில் வரி எல்லாம் சேர்ந்தே இருக்கும், கூடவே ஒரு சென்ட்டில் பத்தில் ஒன்பது பங்கு என்று ஒரு சின்ன 9-ம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரி, ஐஸ். இதைப் பற்றிப் பேச எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே போய் உட்கார்ந்தால் கழுத்து வரை ஐஸ் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். கோக் கேட்டால் பாதி டம்ளர் ஐஸ். ஐரோப்பியர்களே இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், சளி பிடிக்கும் என்று வளர்ந்த நமக்குக் கேட்கவே வேண்டாம். இதற்குப் பின்னால் பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் என்ற ஒரு வியாபாரி இருக்கிறார். குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்ததும் அந்த ஐஸை வெட்டி எடுத்து, கரையாதபடி பொதிந்து, வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பினால் என்ன என்று யோசித்தார். 1806-ல் முதல் கப்பல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்குப் போனது, நஷ்டம். கடன்காரர்கள் தொல்லையில் சிறைக்கும் போய்வந்தார், ஆனாலும் விடவில்லை. 1825 வாக்கில் நத்தானியேல் வைத் என்பவர் குதிரை இழுக்கிற ஒரு ஐஸ் கலப்பையைக் கொண்டுவந்தார், உறைந்த ஏரியில் கோடு கோடாக உழுது ஒரே அளவுக் கட்டிகளாக வெட்ட முடிந்தது, செலவு மளமளவென்று குறைந்தது. அமெரிக்க நகரங்களில் சாதாரணக் குடும்பங்களுக்கும் ஐஸ் கட்டுப்படியானது அப்படித்தான். உலகத்தின் மற்ற பகுதிகளில் ராஜாக்களுக்கு மட்டும் கிடைத்த பொருள் அங்கே தினசரிச் சாமான் ஆகிவிட்டது, ஃப்ரிட்ஜ் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே.

இதில் நமக்கு நேரடியான சம்பந்தம் உண்டு. 1833-ல் டியூடரின் ஐஸ், டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஏற்றப்பட்டு பாஸ்டனிலிருந்து கிளம்பி, நான்கு மாதம் கடலில் இருந்து, கல்கத்தாவில் இறங்கியபோது ஏறத்தாழ 100 டன் கரையாமல் இருந்தது. அந்த வியாபாரம் மதராஸுக்கும் வந்தது. மெரினா கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற வட்டவடிவக் கட்டிடம் 1842-ல் டியூடரின் ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டியது, ஐஸ் ஹவுஸ் என்ற பேர் அந்தப் பகுதிக்கே நின்றுவிட்டது. இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்தபின் நம் ஊரில் அந்த வியாபாரம் படுத்துவிட்டது, அவர்கள் ஊரில் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. வேண்டாமென்றால் ஆர்டர் செய்யும்போதே 'நோ ஐஸ்' என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாலைக்கு வருகிறேன், இங்கே மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். மஞ்சள் பள்ளிப் பேருந்து நின்று, சிவப்பு விளக்கு மாறி மாறி மின்னி, பக்கவாட்டில் ஸ்டாப் பலகை நீண்டால், பின்னால் வருகிறவர் மட்டுமில்லை, நடுவில் தடுப்பு இல்லாத சாலையென்றால் எதிர்ப்பக்கம் வருகிறவரும் நிற்க வேண்டும். குழந்தை ஏறி, பலகை மடங்கிய பிறகுதான் நகரலாம். எல்லா மாநிலத்திலும் நிற்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, அபராதமும் கடுமை. எதிரே வருகிற வண்டி நம் பேருந்துக்காக நிற்பதை நாம் பார்த்ததே இல்லை என்பதால் புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்த மஞ்சள் நிறத்துக்கும் ஒரு தேதி உண்டு. 1939-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃப்ராங்க் சைர் என்ற பேராசிரியர் கூட்டிய மாநாட்டில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரிகிற நிறம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நிறம்.

போலீஸ் வண்டி பின்னால் விளக்குப் போட்டு வந்தால் வலது ஓரமாக நிறுத்துங்கள், இஞ்சினை அணையுங்கள், இரவென்றால் உள் விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். இறங்கிப் போய்ப் பேசக் கூடாது. நம் ஊரில் வண்டியை விட்டு இறங்கி "சார்" என்று அருகில் போய் நிற்பது மரியாதை, அங்கே அதே செயல் அதிகாரியைப் பயமுறுத்தும், ஏனென்றால் அந்த நாட்டில் ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம், இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் துப்பாக்கி இருக்கக்கூடும் என்றுதான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். உரிமமோ காப்பீட்டுத் தாளோ டாஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தால், "அதை எடுக்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். பணம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், அது சிறைக்குப் போகிற குற்றம்.

சிவப்பு விளக்கில் முழுதாக நின்றுவிட்டு வலதுபக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்பதும் புதியவர்களுக்கு ஆச்சரியம். 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் வண்டிகள் சும்மா நின்று பெட்ரோல் எரிவதைக் குறைக்க, 1975-ல் வந்த எரிசக்திச் சட்டத்தில் இதை அனுமதிக்கிற மாநிலங்களுக்குத்தான் உதவிப் பணம் என்று நிபந்தனை வைத்தார்கள், அப்படியே நாடு முழுக்கப் பரவியது. ஆனால் நியூயார்க் நகரத்தில் பலகை வைத்து அனுமதித்திருந்தால் ஒழியத் திரும்பக் கூடாது. மது வயது 21 ஆனதும் இதே மாதிரிதான். 16 வயதில் பல மாநிலங்களில் கார் ஓட்டலாம், 18-ல் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், பீர் வாங்க மட்டும் 21 ஆக வேண்டும். மது விஷயம் மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால் மத்திய அரசு நேரடியாக உத்தரவு போடவில்லை, 21-க்கு உயர்த்தாவிட்டால் நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்று 1984-ல் சட்டம் கொண்டுவந்தது, எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டன. தலை நரைத்தவரிடமும் அடையாள அட்டை கேட்பார்கள், கோபப்பட வேண்டாம், கேட்காமல் 21 ஆகாதவருக்குக் கொடுத்துவிட்டால் கடையின் உரிமமே போகலாம்.

பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினமும் காலையில் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கொடிக்கு உறுதிமொழி சொல்வதைப் பார்த்து ஜெர்மனிக்காரர்கள் திகைப்பார்கள். காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்லி வளர்ந்த நமக்கு அது அவ்வளவு புதிதில்லை. ஆனால் குழந்தைக்கு விருப்பமில்லை என்றால் சொல்லாமல் இருக்கலாம், 1943-லேயே உச்ச நீதிமன்றம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கிற பச்சை அட்டைகூட (கிரீன் கார்டு) இல்லாத பெற்றோர் பலர் இது தெரியாமல் குழம்புகிறார்கள்.

டிவியில் மருந்து விளம்பரம் வரும், சிரித்துக்கொண்டே ஒரு குடும்பம் பூங்காவில் நடக்கும், பின்னணியில் ஒரு குரல் பக்க விளைவுகளை மூச்சுவிடாமல் வாசிக்கும். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கிற மருந்தை இப்படிப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய அனுமதிக்கிற பணக்கார நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். எனக்கு இது சரியென்றே படவில்லை. பொதுக் கழிப்பறைக் கதவுகளின் இடுக்கு வழியாக ஆள் தெரியும், கீழே முழங்கால் வரை திறந்திருக்கும், கழுவிக்கொள்ளத் தண்ணீரும் இருக்காது. மலிவான தடுப்புப் பலகைகள், கூட்டித் துடைக்கச் சுலபம் என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் கிடையாது, வீட்டுக் கழிப்பறையில் மட்டுமாவது ஒரு ஹெல்த் ஃபாசெட் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்து தங்குகிற அம்மாக்களுக்கு மனசே ஆறாத விஷயம் துணி காயப்போடுவது. கொளுத்துகிற வெயில், பெரிய பால்கனி, ஆனால் புடவையைக் கம்பியில் போட்ட அன்றே குடியிருப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிடும். வாடகை ஒப்பந்தத்திலோ குடியிருப்போர் சங்க விதிகளிலோ துணி வெளியே தெரியக் கூடாது என்று எழுதியிருக்கும், பார்வைக்கு ஏழைக் குடியிருப்பு மாதிரி தெரிந்தால் வீட்டு விலை இறங்கும் என்ற பயம்தான் காரணம். அதே சங்கம் புல்லின் உயரத்தையும் வாசல் கதவின் நிறத்தையும்கூடச் சொல்லும். ஃப்ளோரிடா, கொலராடோ போன்ற சில மாநிலங்கள் சொந்த வீட்டுக்காரர் கொடி கட்டித் துணி காயப்போடுவதை எந்தச் சங்கமும் அடியோடு தடுக்க முடியாதபடி சட்டம் போட்டிருக்கின்றன. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மடக்கு ஸ்டாண்டு ஒன்று வாங்கி, பால்கனிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே மறைகிற உயரத்தில் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. நல்ல பட்டுப் புடவையை மட்டும் டிரையரில் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வந்து இறங்கியதும் எல்லாரையும் திகைக்க வைக்கிற ஒன்று. கடன் வாங்காமல் வாழ்வதுதான் கௌரவம் என்று வளர்ந்திருப்போம். அங்கே ஒருபோதும் கடன் வாங்காதவரை நம்ப யாருக்கும் வழியில்லை. வீடு வாடகைக்குக் கேட்டால், கார் கடன் கேட்டால், சில இடங்களில் செல்போன் இணைப்புக் கேட்டால்கூட கிரெடிட் ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள். 300-லிருந்து 850 வரை போகிற ஃபைக்கோ என்ற கிரெடிட் ஸ்கோர் 1989-ல் வந்தது. உங்கள் பேங்கில் எவ்வளவு பணம் கிடக்கிறது என்பது அதில் வரவே வராது, எவ்வளவு கடன் வாங்கினீர்கள், அதை எப்படித் திருப்பிக் கட்டினீர்கள் என்பது போன்ற கடன் விவரங்கள்தான் வரும். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று கம்பெனிகள் இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. நம் ஊரில் இதே கணக்கை வைத்திருக்கிற சிபில் இப்போது அதே டிரான்ஸ்யூனியன் கையில்தான் இருக்கிறது, ஆனால் ஊர் ஸ்கோர் அங்கே தானாக வந்து சேராது. அதனால் அரசு கொடுக்கிற அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கைக்கு வந்ததும் ஒரு பேங்கில் 200, 300 டாலர் டெபாசிட் கட்டி, அதன் பேரில் கொடுக்கிற செக்யூர்டு கிரெடிட் கார்டு ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு முறை மளிகையோ பெட்ரோலோ மட்டும் அதில் வாங்கி, கார்டின் கடன் வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, முழுத் தொகையும் தானாகக் கட்டிவிடுகிற மாதிரி அமைத்துவிடுங்கள், மினிமம் என்று காட்டுகிறதை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஏறும். ஆறு மாதம் ஆனால் உங்கள் பேரில் ஒரு ஸ்கோர் தெரிய ஆரம்பிக்கும். அதுவரை வீட்டுக்காரர் கூடுதல் டெபாசிட் கேட்டால் கல்லூரி உதவித்தொகைக் கடிதத்தையோ வேலை நியமனக் கடிதத்தையோ காட்டிப் பேசிப் பாருங்கள், பல பேர் ஒத்துக்கொள்வார்கள்.